சேலம்–தூத்துக்குடி 340 கிலோமீட்டர், 55 நிமிடம்: வான்தூரக் கணிப்புத் தளங்கள் தருமபுரிக்காரருக்கு எந்த அளவுக்குப் பயன்படும்?

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் அவற்றுக்கு இடையிலான தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் நொடியில் சொல்லிவிடும் இணையதளங்கள் இப்போது ஏராளமாக இருக்கின்றன. அவை பணம் கேட்பதில்லை, பதிவு செய்யவும் சொல்வதில்லை. பக்கத்தின் இருபுறமும் விளம்பரம் ஓடும், அவ்வளவுதான். தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களிலும் பயணிகள் விமானம் வந்து போகும் நிலையம் எதுவும் இல்லை என்பதால், வெளியூர்ப் பயணம் என்று பேச்சு எழும்போதெல்லாம் சேலம் கமலாபுரத்துக்குப் போவதா, பெங்களூரு தேவனஹள்ளிக்குப் போவதா, பேசாமல் காரிலேயே கிளம்பிவிடுவதா என்ற கேள்வி எங்கள் பகுதி வீடுகளில் எழுவது வழக்கம். அந்தக் கேள்விக்கு விடை தேடுபவர்கள் முதலில் திறப்பது இத்தளங்களைத்தான். அவ்வாறான சில தளங்களைச் சேலத்தை ஒரு முனையாக வைத்துச் சோதித்துப் பார்த்ததில், அவை தரும் தூரத்தை அப்படியே நம்பலாம் என்றும், அவை தரும் நேரத்தை அப்படியே நம்பினால் விமானத்தைத் தவறவிட நேரிடும் என்றும் தெரிந்தது.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். இதைச் சரிபார்ப்பதற்குச் சேலம்–தூத்துக்குடி இணையைப் போல வசதியானது வேறில்லை. கமலாபுரம் விமான நிலையம் ஏறத்தாழ 11.78 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. தூத்துக்குடியின் வாகைக்குளம் விமான நிலையம் 8.72 பாகையில் இருக்கிறது. இரண்டின் தீர்க்கரேகையும் 78 பாகையைச் சற்றே தாண்டி, கிட்டத்தட்ட ஒரே கோட்டில் அமைந்துவிட்டன. ஆகவே ஒன்று மற்றொன்றுக்கு நேர் தெற்கே இருப்பதாகவே கொள்ளலாம். கோண கணிதம் எதுவும் தேவைப்படாது. அட்சரேகை வித்தியாசம் 3.06 பாகை, ஒரு பாகைக்குச் சுமார் 111 கிலோமீட்டர், பெருக்கினால் 340 வருகிறது. நான் பார்த்த தளங்கள் எல்லாமே 338 முதல் 341 வரையிலான ஒரு எண்ணைத்தான் காட்டின. இந்தச் சிறு வேறுபாட்டுக்கும் காரணம் உண்டு. சில தளங்கள் பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள சரியான கோளமாகக் கொள்கின்றன. சில தளங்கள் துருவங்களில் சற்றுத் தட்டையான அதன் உண்மை வடிவத்தைக் கணக்கில் எடுக்கின்றன. தமிழ்நாட்டுக்குள் பயணம் செய்பவருக்கு இந்த வேறுபாட்டால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

கிலோமீட்டர், மைல், கடல் மைல் என்று மூன்று அலகுகளிலும் விடை தருவது பெரும்பாலான தளங்களின் வழக்கம். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர் என்பதால் 340 கிலோமீட்டர் என்பது சுமார் 184 கடல் மைலாகும். ஒரு தளம் மட்டும் அலகை மிகச் சிறிய எழுத்தில் போட்டு எண்ணை மட்டும் கொட்டை எழுத்தில் காட்டுகிறது; அதில் 184 என்று பார்த்துவிட்டு, தூத்துக்குடி இவ்வளவு பக்கமா என்று வியந்து நிற்கும் வாய்ப்பு உண்டு. அலகைப் பார்க்காமல் எண்ணை எடுக்க வேண்டாம்.

இந்தத் தூரம் பெருவட்டத் தூரம் எனப்படுவது. பூமிப் பரப்பில் இரு புள்ளிகளுக்கு இடையே இழுக்கக்கூடிய மிகக் குறுகிய கோடு அது. விமானம் அந்தக் கோட்டிலேயே பறப்பதில்லை. ஓடுபாதை நோக்கும் திசையில் எழுந்து, விதிக்கப்பட்ட வான்பாதைக்குத் திரும்பி, இறங்கும் இடத்தில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அதற்கு எதிர்முகமாகச் சுற்றி வந்து இறங்க வேண்டும். நெடுந்தூரப் பயணத்தில் இந்தச் சுற்று பெரிதாகத் தெரியாது. 160, 260 கிலோமீட்டர்ப் பயணங்களில் அது மொத்தத்தில் கணிசமான பங்காகிவிடும். இதைப் பக்கத்தின் அடியில் ஒரு வரியாவது எழுதி வைத்திருக்கும் தளங்கள் குறைவு.

இத்தளங்கள் சறுக்குவது நேரத்தில்தான். பல தளங்கள் ஒரே சூத்திரத்தைக் கையாளுகின்றன என்பது நாலைந்து இணைகளை இட்டுப் பார்த்ததும் தெரிந்துவிடுகிறது. தூரத்தை மணிக்குச் சுமார் 800 கிலோமீட்டர் என்ற வேகத்தால் வகுத்து, ஏறுவதற்கும் இறங்குவதற்குமாக 30 நிமிடத்தைக் கூட்டிவிடுகிறார்கள். சேலம்–தூத்துக்குடிக்கு 55 நிமிடமும், சேலம்–பெங்களூருக்கு 42 நிமிடமும், சேலம்–சென்னைக்கு 50 நிமிடமும் வருவது இப்படித்தான். 30 நிமிடத்தைக் கூட்டாத தளமும் ஒன்று உண்டு. அது சேலத்திலிருந்து பெங்களூருக்கு 12 நிமிடம் என்கிறது. கமலாபுரத்தில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு தலை நிமிர்வதற்குள் தேவனஹள்ளி வந்துவிடும் போலிருக்கிறது.

மணிக்கு 800 கிலோமீட்டர் என்பது ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற ஜெட் விமானங்களுக்கு உரிய வேகம். சேலத்தின் ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர் நீளமுடையது. 2018 மார்ச்சில், சிறு நகரங்களுக்குச் சலுகைக் கட்டணத்தில் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தின் கீழ் சென்னைச் சேவை தொடங்கியபோதும், இடையில் நின்றுபோய் 2023 அக்டோபரில் சேவைகள் மீண்டும் தொடங்கியபோதும், இங்கே வந்து போனவை இறக்கைக்குக் கீழே சுழலும் விசிறிகள் தெரியும் ஏடிஆர் 72 வகை டர்போபிராப் விமானங்களே. எழுபதுக்கும் எண்பதுக்கும் இடைப்பட்ட இருக்கைகள் கொண்ட அந்த விமானம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகத்தில்தான் பறக்கும், ஏறுவதும் நிதானமாகவே. இந்த வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டு, தரையில் நகர்வது, ஏறுவது, இறங்குவது ஆகியவற்றுக்காக 25 முதல் 30 நிமிடம் சேர்த்தால், பெங்களூருக்கு 45 முதல் 50 நிமிடமும் சென்னைக்கு 60 நிமிடமும் ஆகின்றன. விமான நிறுவனங்களின் அட்டவணையில் இந்த இரு வழித்தடங்களுக்கும் ஒரு மணி நேரத்தை ஒட்டியே போட்டிருப்பார்கள். அட்டவணை நேரம் என்பது விமானம் நிறுத்துமிடத்தை விட்டு அசைவது முதல் மறுமுனையில் நின்று அணைவது வரையிலானது. பெங்களூரு போன்ற பெரிய நிலையத்தில் ஓடுபாதையிலிருந்து நிறுத்துமிடம் வரை ஊர்ந்து செல்வதற்கே கணிசமான நேரம் பிடிக்கும் என்பதால், நிறுவனங்கள் சற்றுத் தாராளமாகவே நேரத்தை ஒதுக்கிக்கொள்கின்றன.

இதில் நான் எதிர்பாராத ஒன்று, குறுந்தூரத்தில் சூத்திரத்தின் பிழை சிறிதாகவும் தூரம் கூடக் கூடப் பெரிதாகவும் இருப்பதுதான். சேலம்–ஐதராபாத் வான்வழியில் சுமார் 608 கிலோமீட்டர். தளம் 75 நிமிடம் என்கிறது. ஏடிஆரின் வேகத்தில் பறந்தால் வானில் நேர்கோட்டில் செல்வதற்கே 73 நிமிடம் ஆகிவிடும். மற்றதையும் சேர்த்தால் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும். குறுந்தூரத்தில் அந்த 30 நிமிடக் கூட்டல் வேகத்தில் உள்ள தவற்றை மூடி மறைத்துவிடுகிறது. சென்னைக்குப் போகும் சேலத்துப் பயணி தளத்தைப் பாராட்டுவார். ஐதராபாத்தில் அடுத்த விமானத்துக்கு மாறவேண்டிய சேலத்துப் பயணி அதே தளத்தை நம்பி இரண்டாவது விமானத்தைத் தனிச் சீட்டாக எடுத்திருந்தால் ஓட்டமும் நடையுமாகப் போகவேண்டியிருக்கும்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. நேரடி விமானமே இல்லாத இணைகளுக்கும் இத்தளங்கள் தயங்காமல் நேரம் சொல்லுகின்றன. தருமபுரிப் பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் நான் அமர்ந்திருந்தபோது, மகள் தூத்துக்குடியில் பணியில் இருக்கும் பெரியவர் ஒருவர் தம் கைபேசியை மேசைமீது வைத்து, "இதுல அம்பத்தஞ்சு நிமிஷம்னு போட்டிருக்குதுங்க, காலைல போற பிளைட்ல ரெண்டு சீட்டு போடுங்க" என்றார். கடைக்காரர் திரையைப் பார்த்துவிட்டுப் பொறுமையாக, "ஐயா, அது தூரத்துக்குக் கணக்குப் போட்ட நேரமுங்க, அப்படி ஒரு பிளைட்டே கிடையாதுங்க, சென்னை போய் மாறணும்" என்று சொல்லி, முன்பதிவுப் பக்கத்தைத் திறந்து இடைநிறுத்தத்துடன் கூடிய பயணத்தைக் காட்டினார். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து அரை நாள் காட்டிய அந்த வரியைப் பெரியவர் விரலால் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். பிறகு இரவுப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

அவர் கேட்டது சரியான கேள்வி. சேலத்திலிருந்து சென்னை வான்வழியில் சுமார் 266 கிலோமீட்டர்; சென்னையிலிருந்து தூத்துக்குடி சுமார் 530 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் கிட்டத்தட்ட 800 கிலோமீட்டர் வருகிறது. 340 கிலோமீட்டர் தெற்கே இருக்கும் ஊருக்குப் போக வடகிழக்கே பறந்து, அதைவிட இருமடங்குக்கு மேலான தூரத்தைக் கடக்க வேண்டும். பெங்களூரு வழியாகப் போனால் தூரம் 660 கிலோமீட்டராகக் குறையும், ஆனால் அது முற்றிலும் எதிர்த்திசைப் பயணம். தருமபுரியிலிருந்து நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை வழியாகத் தூத்துக்குடிக்குச் சாலைவழித் தூரம் 400 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. வடக்கு–தெற்காக நீளும் நாற்கரச் சாலை நேர்கோட்டை ஒட்டியே செல்வதால் இங்கே வான்வழிக்குத் தூரத்தில் பெரிய ஆதாயமே இல்லை.

இதே பின்னோக்கிப் போகும் சிக்கல் பெங்களூரு விமானத்திலும் எங்களுக்கு உண்டு. சேலத்துக்கும் பெங்களூருக்கும் இடையே தளம் வரைந்து காட்டும் கோட்டை நெருக்கமாகப் பெரிதாக்கிப் பார்த்தால், அது பென்னாகரம் பக்கமாக நுழைந்து, மாரண்டஅள்ளிக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் இடையில் புகுந்து, ஏறக்குறைய ஓசூருக்கு மேலேயே போகிறது. அதாவது தருமபுரிக்காரர் ஒருவர் பாளையம் சுங்கச்சாவடியில் பணம் கட்டி, தொப்பூர்க் கணவாயில் இறங்கி, ஓமலூர் வழியாக ஐம்பது கிலோமீட்டர் தெற்கே போய் விமானம் ஏறி, தம் மாவட்டத்தின் மீதே பறந்து வடக்கே போக வேண்டும். கிருஷ்ணகிரிக்காரருக்கு இது இன்னும் வேடிக்கையாகிவிடும். கமலாபுரத்துக்குப் போகும் நேரத்தில் அவர் பெங்களூருக்குள்ளேயே இருப்பார்.

வீட்டு வாசலிலிருந்து கணக்கிட்டால் படம் தெளிவாகிறது. தருமபுரியிலிருந்து கமலாபுரத்துக்குக் காரில் ஒரு மணி நேரம் வேண்டும். தொப்பூரில் ஏதேனும் லாரி சாய்ந்திருந்தால் அந்த ஒரு மணி நேரத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. பேருந்தில் போவதானால் ஓமலூரில் நிறுத்துமா என்று கேட்டு ஏறி, அங்கிருந்து ஆட்டோ பிடிக்க வேண்டும். உள்நாட்டு விமானங்களுக்குப் புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கவுன்டரை மூடிவிடும் வழக்கம் இருப்பதால் ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருவது நல்லது. பறப்பதற்கு ஒரு மணி நேரம், பெட்டியை எடுத்து வெளியே வர அரை மணி நேரம், தேவனஹள்ளியிலிருந்து நகருக்குள் வர இன்னொரு மணி நேரம் அல்லது அதற்கும் மேல். மொத்தம் ஐந்து மணி நேரம். சாலையில் 130 கிலோமீட்டர், அத்திப்பள்ளி நெரிசலையும் சேர்த்தே மூன்று மணி நேரம். ஆகவே பெங்களூரு நகரத்துக்குப் போகிறவருக்கு அந்த 42 நிமிடம் வெறும் அலங்காரம்.

சென்னைக்குக் கதை வேறு. சாலைவழி 300 கிலோமீட்டர், ஐந்தரை ஆறு மணி நேரம். விமானத்தில் எல்லாம் சேர்த்து நாலு மணி நேரத்தில் மீனம்பாக்கத்தில் வெளியே வந்துவிடலாம். கட்டணம் ஒத்துவந்தால் ஏறலாம். ஐதராபாத்துக்கும் கொச்சிக்கும் சேவை இருக்கும் பருவத்தில் விமானமே மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. இதற்கெல்லாம் அடிப்படையான கேள்வி, அந்த வாரத்தில் அந்தச் சேவை இருக்கிறதா என்பது. அதை எந்தக் கணிப்புத் தளமும் சொல்வதில்லை. நிறுவனத்தின் பக்கத்தில்தான் பார்க்க வேண்டும்.

பெயர்க் குழப்பங்களையும் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலத்தில் சேலம் என்று இட்டால் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத் தலைநகரான சேலத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் தளங்கள் உண்டு. அப்போது பெங்களூரிலிருந்து சேலத்துக்கு 13,000 கிலோமீட்டருக்கு மேல் காட்டும். நம் சேலத்தின் மூன்றெழுத்துக் குறியீடு எஸ்எக்ஸ்வி. அமெரிக்கச் சேலத்துடையது எஸ்எல்இ. குறியீட்டைக் கொண்டு தேடினால் இந்தத் தொல்லை இல்லை. அருகிலுள்ள விமான நிலையம் எது என்று கேட்கும் வசதியிலும் கவனம் வேண்டும். கிருஷ்ணகிரி என்று இட்டுப் பார்த்தபோது ஒரு தளம் பெங்களூரு ஹெச்ஏஎல் நிலையத்தை முதலிடத்தில் காட்டியது. நேர்கோட்டில் அதுதான் கிட்டே, மறுக்கவில்லை. ஆனால் 2008 மே மாதத்தில் தேவனஹள்ளி நிலையம் திறந்தபோதே அட்டவணைப்படியான பயணிகள் விமானங்கள் அங்கிருந்து இடம்பெயர்ந்துவிட்டன.

இவ்வளவு குறை சொன்னாலும் நேர்கோட்டுத் தூரத்தை வெட்டி விவரம் என்று ஒதுக்க முடியாது. உடான் திட்டத்தில் சலுகைக் கட்டணத்தின் உச்சவரம்பு வான்வழித் தூரத்தை வைத்தே நிர்ணயிக்கப்பட்டது. ஒரு மணி நேரப் பயணமான சுமார் 500 கிலோமீட்டருக்கு 2,500 ரூபாய் என்பதே 2016இல் அத்திட்டம் அறிவிக்கப்பட்டபோது எல்லோர் வாயிலும் இருந்த எண். எங்கள் பகுதிக்கு இன்னும் நெருக்கமான செய்தி ஓசூர். பெங்களூரு விமான நிலையத்துக்கான ஒப்பந்தத்தின்படி, அது திறந்த நாளிலிருந்து 25 ஆண்டுகள் வரை, மைசூரு, ஹாசன் நீங்கலாக, 150 கிலோமீட்டர் வான்வழித் தூரத்துக்குள் வேறொரு பன்னாட்டு நிலையம் வளர அனுமதியில்லை; அந்தக் கெடு 2033இல் முடிகிறது. ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு மூன்று கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தபோது எழுந்த விவாதமெல்லாம் இந்த 150ஐச் சுற்றித்தான். தளத்தில் இட்டுப் பார்த்தால் பேலகொண்டப்பள்ளியிலுள்ள தனியார் ஓடுபாதை தேவனஹள்ளியிலிருந்து 60 கிலோமீட்டர் அளவில் நிற்கிறது. கமலாபுரமோ 162 கிலோமீட்டரில், வட்டத்துக்கு மயிரிழையில் வெளியே இருக்கிறது. சாலைவழித் தூரம் இந்த விஷயத்தில் செல்லாது. இப்படிப்பட்ட கேள்விக்கு இத்தளங்களைவிடச் சுலபமான கருவி இல்லை.

இவற்றுள் எதைப் பயன்படுத்தலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது கிரேட் சர்க்கிள் மேப்பர். தோற்றம் பழையது, தமிழ் கிடையாது, ஊர்ப்பெயரைவிடக் குறியீட்டைக் கொடுத்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். ஆனாலும் பூமியின் உண்மை வடிவத்தைக் கணக்கில் கொள்கிறது, பல நிலையங்களைத் தொடுத்து மொத்தத் தூரம் கேட்கலாம், கோட்டைப் படமாகக் காட்டுகிறது. சென்னை வழியாகத் தூத்துக்குடி போனால் எவ்வளவு என்ற மேற்படிக் கணக்கை அதில் ஒரே வரியில் பெறலாம். நேரத்துக்கு மட்டும் நீங்களே கிலோமீட்டரை 500ஆல் வகுத்து அரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த வழித்தடத்தில் ஜெட் விமானம் பறக்கிறது என்று தெரிந்தால் 800ஆல் வகுக்கலாம். விமான வகை முன்பதிவுப் பக்கத்தில் விமான எண்ணுக்குக் கீழே குறிப்பிடப்பட்டிருக்கும்.

12 நிமிடம் என்று காட்டிய தளத்தின் கருத்துப் பெட்டியில், ஏடிஆர் இயங்கும் நிலையங்களுக்கு வேறு வேகத்தை வைக்கும்படியும், நேரடிச் சேவை இல்லாத இணைகளுக்கு நேரத்துக்குப் பக்கத்தில் அதைக் குறிப்பிடும்படியும் எழுதியிருக்கிறேன். பெற்றுக்கொண்டோம் என்ற தானியங்கிப் பதில் உடனே வந்தது. பக்கம் இன்னமும் 12 நிமிடமே காட்டுகிறது. அதன் கீழே, சேலம்–தூத்துக்குடிக்கும்கூட, கட்டணம் பார்க்க அழைக்கும் பச்சைப் பொத்தான் அப்படியே இருக்கிறது.